மூடியைத் திறந்து வைங்க: ஜப்பானில் ஆறு நாள்

ஜூன் 13, செவ்வாய். டோக்கியோ. விடாத தூறல்

நிஷிகசாயில் மகன் வீடு. வந்து இறங்கி இரண்டு நாளாகிறது. ஜப்பானிய சினிமா இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ பார்த்தவர்களுக்காக முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வயதான அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ போகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரம் இல்லை, திரும்பி வருகிறார்கள் என்பது அந்தப் படத்தின் கதை. எங்கள் மகன் அப்படி இல்லை. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். “இதை மறக்காம எழுதிடுங்கப்பா, இல்லாட்டி ஊர்ல என்னைத்தான் பேசுவாங்க” என்றான். எழுதிவிட்டேன்.

நேற்று ராத்திரி அந்தப் படத்தையே டிவியில் போட்டான். என் மனைவி பதினைந்தாவது நிமிஷத்தில் கண்ணை மூடிவிட்டாள்.

காலையில் கியோபாஷியில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம். ஏழாவது மாடிக் கண்காட்சிக்கு டிக்கெட் 250 யென். நம் கணக்கில் 150 ரூபாய்க்குள் அடங்குகிறது. ஜப்பானில் இதைவிட மலிவாக நான் பார்த்தது குழாய்த் தண்ணீர் மட்டும்தான். வாசலில் குடை வைக்க வரிசையாகப் பூட்டுகள். குடையைச் செருகிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியே வரும்போது சாவி எந்தப் பையில் என்று தேடியதில் பத்து நிமிஷம் போனது.

இந்த ஊரில் இன்று மிஞ்சியிருக்கும் பழைய படங்களில் ஒன்று 1899-இல் எடுத்தது. ஒன்பதாம் டாஞ்சூரோ என்ற கபூகி நாடக நடிகரும் ஐந்தாம் கிகுகோரோவும் நடிக்கும் ‘மோமிஜிகாரி’. டாஞ்சூரோவுக்குச் சினிமா என்றாலே ஆகாது. பின்வரும் தலைமுறைக்கு ஒரு பதிவு என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தார்கள். தான் உயிரோடு இருக்கும்வரை வெளியே காட்டக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. திறந்தவெளியில் மேடை, அன்றைக்கென்று நல்ல காற்று. ஆடும்போது விசிறி கையை விட்டுப் பறந்துவிட்டது. இரண்டாம் டேக் என்ற பேச்சுக்கே இடமில்லாத காலம், அப்படியே விட்டுவிட்டார்கள். எத்தனையோ வருஷம் மேடையில் விசிறி தவறவிடாத மனிதரின் கை நழுவியதுதான் படமாக நின்றிருக்கிறது. அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

பென்ஷி பற்றியும் சொல்ல வேண்டும். மௌனப் படத்துக்குத் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லி, எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தவர்கள். நட்சத்திரத்தைவிட பென்ஷியின் பெயருக்காகவே கொட்டகைக்குக் கூட்டம் வந்த காலம் உண்டு. இயக்குநர் அகிரா குரோசாவாவின் அண்ணன் ஹேய்கோ அப்படி ஒருவர். தம்பிக்கு நல்ல படங்களையும் நல்ல புத்தகங்களையும் கைகாட்டியவர். பேசும்படம் வந்ததும் பிழைப்பு போனது. வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிப் பார்த்தார், பலிக்கவில்லை. 1933-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். தம்பிக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

மதியம் உவேனோவில் ‘ஹோராய்யா’. ஓசுவுக்குப் பிடித்த பன்றிக் கட்லெட் கடை. சாப்பாடு மூவாயிரம் யென்னைச் சுற்றி. கவுன்டருக்கு முன்னால் உட்கார்ந்தால் எண்ணெய்ச் சட்டி கண்ணுக்கு நேரே. சமையல்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. எண்ணெயின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றார். சத்தம் மாறியதும் எடுத்தார். சுத்த சைவமான என் மனைவி பொடிப்பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ் மலையையும் சோற்றையும் ஊறுகாயையும் சாப்பிட்டாள். கோஸ் குறையக் குறைய, கேட்காமலே மறுபடி வைத்தார்கள். “இந்தக் கோஸை நாம இப்படிப் பச்சையாத் தின்னிருந்தா உங்க அம்மா என்னை வச்சு வாழ்ந்திருக்க மாட்டாங்க” என்றாள்.

ஜூன் 14, புதன். ஃபுகாகாவா

மகன் வீட்டிலிருந்து மெட்ரோவில் நாலு ஸ்டேஷன் போனால் மொன்சென்-நாகாச்சோ. யசுஜிரோ ஓசு பிறந்த பேட்டை. 1903 டிசம்பர் 12. உர வியாபாரக் குடும்பம். பிறந்த இடத்தில் இப்போது ஒரு தகவல் பலகை நிற்கிறது, பக்கத்தில் ஓயாத வாகன இரைச்சல். இந்தியர்கள் குடியேறி இட்லி மாவு பாக்கெட் கிடைக்கும் பகுதிக்கு இவ்வளவு கிட்டத்தில் ஓசு பிறந்தார் என்பது வரும்வரை எனக்குத் தெரியாது.

ரயிலில் மகன் போன் செய்தான். எடுத்து வழக்கமான குரலில் “எங்க இருக்கோம்னா...” என்று ஆரம்பித்தேன். எதிரே இருந்தவர் ஒன்றும் சொல்லாமல் ஜன்னலுக்கு மேல் ஒட்டியிருந்த போன் படத்தை விரலால் காட்டினார். அதில் குறுக்கே ஒரு கோடு. அவர் முகத்தில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இறங்கும்வரை நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஃபுருயிஷிபா கலாசார மையத்தில் ஓசுவுக்கென்று ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். நான் போனது ஒரு குறிப்பிட்ட காலத்தைத் தேடித்தான். 1943-இல் ராணுவம் அவரைப் படம் எடுக்கச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. போஸின் இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி ஒரு படம் என்று திட்டம். என் தாத்தாவின் தம்பி மலேயா ரப்பர் தோட்டத்திலிருந்து அந்தப் படையில் சேர்ந்தவர். வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. ஓசு எடுத்த கொஞ்சநஞ்ச பிலிமும் கதையும் ஜப்பான் தோற்றதும் எரிக்கப்பட்டுவிட்டன. எரியாமல் இருந்தாலும் அதில் சின்னத் தாத்தா இருந்திருக்கப் போவதில்லை. ஆனாலும் அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றேன்.

சிங்கப்பூரில் ஓசு உருப்படியாகச் செய்தது படம் பார்த்ததுதான். கைப்பற்றிய ஹாலிவுட் படங்களை நூற்றுக்கு மேல் பார்த்துத் தீர்த்தார். தோற்ற பிறகு ஜூரோங் முகாமில் அடைத்து ரப்பர் தோட்டத்தில் வேலை வாங்கினார்கள். எங்கள் சின்னத் தாத்தா விட்டுவிட்டு வந்த அதே வேலை. ஊர் திரும்பக் கப்பலில் எல்லாருக்கும் இடம் இல்லை என்று சீட்டுக் குலுக்கினார்கள். இவருக்கு விழுந்தது. கூட இருந்த ஒருவருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டு, 1946 பிப்ரவரியில் கடைசியாக வந்து சேர்ந்தார்.

மதியம் ஃபுகாகாவா-மேஷி, சிப்பி போட்ட சோறு. நம் கிளிஞ்சல் கறிக்கு உறைக்காத தம்பி.

ஜூன் 15, வியாழன். கிதா-காமகுரா, சிகாசாகி. மழை பலத்தது

ஜூன் மாதம் காமகுராவுக்குப் போகாதீர்கள். ஹைட்ரேஞ்சியா பூக்கும் காலம். நீலப் பூவைப் பார்க்க டோக்கியோவே திரண்டு வந்துவிடுகிறது. மெய்கெட்சுயின் கோயிலுக்கு ரோட்டில் குடை வரிசை. நாங்கள் எதிர்ப்பக்கம் எங்காகுஜிக்குப் போனோம். 1282-இல் மங்கோலியப் படையெடுப்பில் இரு பக்கமும் செத்தவர்களுக்காகக் கட்டிய கோயில். ஸ்டேஷனை விட்டு இறங்கினால் படிக்கட்டு. கோயிலின் முன்வளாகத்தை அறுத்துக்கொண்டு தண்டவாளம் போகிறது. ஓசுவின் ‘லேட் ஸ்ப்ரிங்’ படத்தில் அவ்வளவு அமைதியாகத் தெரிந்த ஸ்டேஷன் இது. நேரில் கேட்டால் லெவல் கிராசிங் மணி ஓய்வதே இல்லை. படத்தில் அவர் ரயிலை விட்டுவிட்டு எடுக்கவில்லை, ரயிலைச் சேர்த்தேதான் எடுத்தார் என்பது அங்கே நின்றபோதுதான் நினைவுக்கு வந்தது.

ஓசுவின் கல்லறையைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம். படி, வழுக்கும் பாசி, மறுபடி படி. என் இடது முட்டி முனக ஆரம்பித்தது. ஒரே மாதிரி சாம்பல் நிறக் கற்கள். எனக்கு ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரியாது. மகன் ஒரு தாளில் பெரிதாக ஒரே ஓர் எழுத்தை எழுதிக் கொடுத்திருந்தான். தோட்ட வேலை செய்துகொண்டிருந்த பெரியவரிடம் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்தார். அதற்குள் ஸ்டேஷன் கடையில் வாங்கிய கண்ணாடிக் கோப்பை சாகே, அரிசி மது. சிரித்துவிட்டு முன்னால் நடந்தார்.

கல்லில் பெயர் இல்லை. ‘மு’ என்ற ஒரே எழுத்து, அந்தக் கோயிலின் தலைமைக் குரு அசஹினா சோகென் எழுதியது. இன்மை என்று பொருள் சொல்லலாம். இன்மை என்று பொறித்த கல்லைச் சுற்றி எத்தனை பாட்டில்! பீர், விஸ்கி, சாகே. ஒரு குட்டிப் பாட்டிலின் லேபிள் மழையில் கரைந்து கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நானும் என் கோப்பையை வைத்தேன். மனைவி பின்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கப்பா திவசத்துக்குக்கூட நான் இப்படிப் பார்த்துப் பார்த்து எதுவும் வாங்கியதில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவள்.

“மூடியைத் திறந்து வைங்க. அப்படியே வச்சா எப்படிக் குடிப்பார்?”

தகர மூடியைப் பிய்த்தேன். மழைத்துளி சொட்டுச் சொட்டாக அதற்குள் விழ ஆரம்பித்தது. “தண்ணி கலந்துதானே குடிப்பாங்க” என்றாள். சாகேயில் தண்ணீர் கலக்க மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.

அவர் இறந்ததும் டிசம்பர் 12-தான், 1963, சரியாக அறுபது முடிந்த அன்று. நம் ஊரில் மணிவிழா வயது. கல்யாணமே செய்துகொள்ளாதவருக்கு அறுபதாம் கல்யாணம் எங்கே? கடைசிக்கு முந்தின வருஷம்வரை அம்மாவோடுதான் இங்கே பக்கத்தில் குடியிருந்தார். அவர் படங்களில் பெண்ணுக்கு வரன் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோகிற அப்பாக்களை நினைத்தால் எனக்கு வேடிக்கையாக இருக்கும். வெளியே நின்று பார்த்தவருக்குத்தான் அது அத்தனை துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. அவர் படங்களின் நாயகி செட்சுகோ ஹாராவும் அந்த ஆண்டோடு நடிப்பை விட்டார். பிறகு இதே காமகுராவில் யார் கண்ணிலும் படாமல் 2015 வரை வாழ்ந்தார். இறந்த செய்தியே இரண்டு மாதம் கழித்துத்தான் வெளியே வந்தது.

இதே கோயிலின் இன்னொரு பகுதியில் கினுயோ தனகாவும் இருக்கிறார். எனக்கு அவர் மேல் தனி மரியாதை. மிசோகுச்சியின் படங்களில் உயிரைக் கொடுத்து நடித்தவர், 1953-இல் தானே டைரக்டர் ஆகப் போகிறேன் என்றதும் மிசோகுச்சியே எதிர்த்தார். ஓசு தான் சேர்ந்து எழுதிய திரைக்கதையை எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது படமாக அதை எடுத்த கினுயோ, மொத்தம் ஆறு படம் எடுத்தார். அந்தப் பகுதி பூட்டியிருந்தது. கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வந்தோம்.

சாயங்காலம் சிகாசாகி. கடற்கரைக்குச் சற்று உள்ளே தள்ளி ‘சிகாசாகிகான்’, 1899-இல் தொடங்கிய விடுதி. ஓர் இரவுக்கு என் பென்ஷனில் ஒரு நல்ல துண்டு போய்விட்டது. தொகையை மனைவியிடம் சொல்லவில்லை. இதைப் படித்தும் அவள் கேட்காமல் இருக்க வேண்டும்.

ஓசுவும் அவரோடு எழுதிய கோகோ நோதாவும் மாதக்கணக்கில் தங்கியது இரண்டாம் எண் அறை. எங்களுக்கு வேறு அறைதான். ஆனால் அதைத் திறந்து காட்டினார்கள். பாய் விரித்த தரை, தாழ்ந்த மேசை, முன்னால் தோட்டம், பைன் மரங்கள், அதற்கப்பால் கண்ணுக்குத் தெரியாத கடலின் இரைச்சல். மேற்கூரைக் கறுப்பைக் காட்டி, அவர் அறைக்குள்ளேயே சமைத்த புகை என்கிறார்கள். ‘டோக்கியோ ஸ்டோரி’ இங்கே எழுதியதுதான். 103 நாள், 43 பாட்டில் சாகே என்று கணக்குப்போட்டு டைரியில் குறித்திருக்கிறார். இந்த ஊர்ப் பெரிய பாட்டில் 1.8 லிட்டர். நம் ஊரில் இப்படிக் கணக்கு எழுதிவைக்கிற குடிகாரரை நான் பார்த்ததில்லை.

முட்டி மடங்கவில்லை. விடுதி அம்மாள் என்னைப் பார்த்ததும், கேட்காமலே ஒரு குட்டை முக்காலியைக் கொண்டுவந்து பின்னால் வைத்தார். நான் பிடிவாதமாகத் தரையில்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் புரிந்தது. ஓசுவின் கேமரா எப்போதும் தாழ்வாக இருக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தரையில் உட்கார்ந்தவரின் கண் அது. என் பாட்டி கூடத்துத் தூணில் சாய்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரை எல்லாம் அந்த உயரத்திலிருந்துதான் பார்த்தாள். எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

ராத்திரி ஓசுவின் கறி சுகியாகி. மகன் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான். மாட்டிறைச்சி, வெங்காயத்தாள், டோஃபு, சோயா சாஸ், சர்க்கரை எல்லாம் கொதிக்கும்போது மேலே கறித்தூள். பார்க்க வரும் நடிகர்களுக்கும் உதவியாளர்களுக்கும் அவரே செய்து போடுவாராம். மூடியைத் திறந்ததும் மஞ்சளும் சீரகமும் கமழ்ந்தன. அறைக்குள் திடீரென்று யார் வீட்டுக் கல்யாணமோ நடப்பது மாதிரி. ருசி? தித்திப்பு, உப்பு, கூடவே ஒரு லேசான கறி வாசம். எனக்குப் பிடித்தது. மனைவிக்கு, மீன் சாறு சேராமல் தனிச் சட்டியில் டோஃபுவும் காளானும். வாயில் வைத்து யோசித்தாள். “பொடியை எண்ணெயில வதக்காமக் கடைசியில தூவுறாங்க. பச்சை வாசனை போகலை. பாவம், யாரும் சொல்லிக் கொடுக்கலை.”

ஜூன் 16, வெள்ளி. ஓஃபுனா

மழை விட்டு வெயில். ஓஃபுனாவில் இறங்கினோம். ஷோச்சிகு கம்பெனியின் ஸ்டுடியோ 1936 முதல் 2000 வரை இங்கேதான் இருந்தது. இப்போது அந்த இடத்தில் பெண்கள் பல்கலைக்கழகம். சீருடை அணிந்த காவலர் குனிந்து வணங்கினார், நாங்களும் குனிந்தோம், அவர் இன்னும் குனிந்தார். உள்ளே போகவில்லை. பார்க்க எதுவும் இல்லை என்பதைப் பார்த்துவிட்டு வந்தோம்.

பிளாட்பார பெஞ்சில் சாப்பாடு. எனக்கு 1913-இலிருந்து விற்கும் அழுத்திய மீன் சோறு டப்பா, அவளுக்குக் கையோடு கொண்டுவந்த தயிர்சாதம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி எங்கள் இரண்டு டப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மனைவிக்கு ஒரு புளிப்பு மிட்டாய் கொடுத்தாள். மனைவி பதிலுக்கு நார்த்தங்காய் ஊறுகாய்த் துண்டு ஒன்றை மூடியில் வைத்து நீட்டினாள். பாட்டி வாயில் போட்டாள். கண்ணை இறுக மூடினாள். பிறகு இன்னொன்று கேட்டாள்.

இந்தியன் என்று தெரிந்தால் யாராவது ‘முத்து’ என்பார்கள் என்று ஊரில் எல்லாரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

ஜூன் 17, சனி. ரயிலில் ஒரு தப்பு

எங்கள் ரயில் பாஸ் செல்லாத நொசோமி ரயிலில் ஏறிவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது, மகன் மூன்று தடவை சொல்லியிருந்தான். கண்டக்டர் பெட்டி வாசலில் நின்று வணங்கிவிட்டு உள்ளே வந்தார். பாஸைப் பார்த்தார். என்னைவிட அவருக்குத்தான் சங்கடம். ஷின்-யோகோஹாமாவில் இறங்கச் சொல்லி, அடுத்து ஏற வேண்டிய ரயிலின் நேரத்தையும் பிளாட்பார எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். இரண்டு இடத்தில் மாறி, மதியம் போய்ச் சேர வேண்டிய ஓனோமிச்சிக்கு இருட்டும் நேரத்தில் போனோம். ஜன்னல் வழியாக ஃபுஜி தெரியும் என்றார்கள். மேகம்தான் தெரிந்தது.

ஜூன் 18, ஞாயிறு. ஓனோமிச்சி. கடும் வெயில்

ஊருக்கும் எதிரே இருக்கும் தீவுக்கும் நடுவில் கடல் ஆறு மாதிரி ஒடுங்கிக் கிடக்கிறது. டவுன் பஸ் போல ஃபெரி போய்ப் போய் வருகிறது. மறுபக்கம் மலை, மலை முழுக்கப் படி, படி முழுக்கப் பூனை.

கடைத்தெரு முகப்பில் ஃபுமிகோ ஹயாஷியின் வெண்கலச் சிலை. பெண் எழுத்தாளருக்குச் சிலை வைத்தால் நம்மூரில் நிமிர்த்தி, கையில் புத்தகம் கொடுத்து நிறுத்துவோம். இவர் தெருவோரத்தில் குந்தி உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் பயணப் பெட்டி, குடை. நடைவியாபாரம் செய்த பெற்றோரோடு ஊர் ஊராக அலைந்து இங்கே வந்து, பெண்கள் பள்ளியில் 1922-இல் படிப்பு முடித்து டோக்கியோ போனவர். பரிசாரகி வேலைவரை பார்த்து, அந்த வயிற்றுப்பாட்டையே எழுதிப் பெயர் வாங்கினார். 1951-இல் அவர் போன பிறகு இயக்குநர் மிகியோ நாருசே அவர் கதைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படமாக்கினார். 1955-இல் ‘மிதக்கும் மேகங்கள்’, 1962-இல் அவருடைய அலைந்த வாழ்க்கையே படம். இரண்டிலும் நடிகை ஹிதேகோ தகமினே. எனக்கு ஓசுவைவிட நாருசேவில் பணம் அதிகம் கேட்கும். யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று எண்ணுகிற சத்தம். அதற்குக் காரணம் இந்தப் பெண்மணிதான் என்று நினைக்கிறேன். சிலையின் முழங்காலில் யாரோ தொட்டுத் தொட்டுப் பளபளப்பு ஏறியிருந்தது. நானும் தொட்டேன், என் முட்டிக்காக.

ஓனோமிச்சி ராமென் நூடுல்ஸில் பன்றிக் கொழுப்புக் கட்டிகள் மிதக்கின்றன. அரைமணி நேரம் வரிசையில் நின்று, ஆறு நிமிஷத்தில் சாப்பிட்டேன். பின்னால் நிற்பவர்களின் கண் முதுகில் ஏறும்போது அதற்கு மேல் உட்கார முடியாது. மனைவிக்குப் பழக்கடையில் மீகான் ஆரஞ்சு ஜூஸ், மகன் கட்டிக் கொடுத்த சப்பாத்தி.

பிறகு ஜோடோஜி கோயில். தண்டவாளத்துக்கு அடியில் குனிந்து போய், செங்குத்தாகப் படி. மனைவியைக் கீழேயே உட்காரச் சொன்னேன். அவள் எனக்கு முன்னால் ஏறிவிட்டாள். ‘டோக்கியோ ஸ்டோரி’யில் அம்மா செத்த விடிகாலையில் அப்பா தனியே வந்து நின்ற இடம் இது. அந்த அப்பாவாக நடித்த சிஷூ ரியூவுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. எழுபது வயதுக்காரராக முதுகை வளைத்து உட்கார்ந்தவர், மூத்த மகளாக வந்த ஹருகோ சுகிமுராவைவிடச் சில வயதுதான் பெரியவர். எனக்கு அறுபத்து நாலு. முதுகை வளைக்க எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை.

கீழே ஓட்டுக் கூரைகள், கடல், ஃபெரி. எங்கள் காலடியில் சரக்கு ரயில் ஒன்று நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. புறா காலுக்கு நடுவில் புகுந்து எழுந்தது. நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு போட்டோ எடுக்கப் போனேன்.

“அந்தப் பெரியவர் எந்தப் பக்கம் பார்த்து நின்னார்?” என்றாள்.

“நீதான் தூங்கிட்டியே.”

“கண்ணை மூடினா தூக்கமா? மருமகளா வர்ற அந்தப் பொண்ணு கூட்டிட்டுப் போக வர்ற வரைக்கும் பார்த்துட்டுத்தான் இருந்தேன்.”

கையை நீட்டிக் காட்டினேன். அவள் அந்தப் பக்கம் போய், கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு ஃபெரி போய்ச் சேர்ந்து, இன்னொன்று கிளம்பி, பாதி தூரம் வரும்வரை நின்றாள். பிறகு குடையை விரித்தாள்.

“வாங்க, இறங்கலாம். பக்கவாட்டுல காலை வையுங்க, அந்த முட்டி தாங்காது.”